மதாம் நேரில் பார்த்தார்

மதாம் தன்னுடைய இன்டர்நெட் பிளாக்கில் எழுதியதெல்லாம் சாவுச் செய்திதான். ஆனால் யார் செத்தாலும் போய் முகத்தைப் பார்க்காமல் ஒரு வரி எழுத மாட்டார். வீட்டு ஆட்களே போன் போட்டு அழுதாலும் சரி, மாதா கோயிலில் துக்க மணி அடித்து முடித்திருந்தாலும் சரி, "இருங்க, பாத்துட்டு வந்துடறேன்" என்பார். இந்த ஒரு பேச்சால் எனக்கு எத்தனை நாள் மதியச் சாப்பாடு ஆறிப்போயிருக்கிறது என்பது எனக்கும் என் வீட்டுக்காரிக்கும்தான் தெரியும்.

என் கடை முதலியார்பேட்டையில். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கட்சிக்காரர் பிறந்தநாள் பிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் நடக்கும். மதாம் வீடு இரண்டு தெரு தள்ளி. பிரான்சுக்குப் போகப்போகிற பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பிரெஞ்சு டியூஷன் எடுத்தார். அதனால் ஊரே அவரை மதாம் என்றுதான் கூப்பிட்டது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்ததோடு சரி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிற தைரியம் யாருக்கும் கிடையாது, எனக்குச் சுத்தமாகக் கிடையாது. ஒல்லி உடம்பு, வெளுத்த காட்டன் புடவை, பழைய மொபெட். அந்த மொபெட் அகால நேரத்தில் தெருவைக் கடந்தால், "யார் வீட்லன்னு தெரியலையே" என்று வாசலுக்கு வந்து நிற்பார்கள்.

உள்ளூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர், இங்கே வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது, ஒரு மாமனாவது பிரான்சில் இருப்பான். அப்பா சாவும் அத்தை சாவும் போனில்தான் அவனுக்குப் போய்ச் சேரும். போனில் போகிற சேதிக்குப் போகிற வழியிலேயே கை கால் முளைத்துவிடும். ஒரு தடவை கோயிலில் துக்க மணி அடித்தது. எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் பல நாளாகப் படுக்கையில் இருந்தார். மணி அவருக்குத்தான் என்று ஒரு புண்ணியவதி தானாகவே முடிவு கட்டி, பாரீஸில் இருந்த அவர் மகனுக்குப் போன் போட்டுவிட்டாள். அவன் வீட்டுக்குத் திருப்பிப் போன் அடித்தால் எடுக்க ஆளில்லை. பெரியவரைத் தூங்கவைத்துவிட்டு எல்லோரும் நிஜமாகவே சாவு விழுந்த வீட்டுக்குப் போயிருந்தார்கள். கிடைத்த விமானத்தில் ஏறி, கறுப்புச் சட்டையோடு வந்து இறங்கினான். அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார்.

"என்னடா, சொல்லாம கொள்ளாம வந்துட்ட?" என்று கேட்டாராம். சும்மாதாம்ப்பா என்று சொல்லிவிட்டு அவன் தோட்டத்துப் பக்கம் போய் அழுதிருக்கிறான். அந்த நேரம் பெரியவரை விசாரிக்க வந்திருந்த மதாம் அந்த அழுகையைக் கேட்டார். அவரிடம் பிரெஞ்சு படித்த பையன் அவன். மறுநாளே என் கடைக்கு வந்து நின்றார்.

"தம்பி, கம்ப்யூட்டர்ல எழுதினா உலகத்துல எங்க இருந்தும் படிக்கலாமாமே. அந்த மாதிரி ஒரு இடம் எனக்கு வேணும். பொய்ச் சேதி அதுக்குள்ள நுழையக் கூடாது."

எனக்கு அப்போது பிளாக் பைத்தியம் பிடித்திருந்த காலம். இலவசமாக இடம் கொடுக்கும் ஒரு சேவையில் பதிவு செய்து, டெம்ப்ளேட் தேடித் தேடி, கறுப்புப் பின்னணி, ஓரத்தில் ஆடும் மெழுகுவர்த்தி, திறந்ததும் ஷெனாய் என்று அமர்க்களமாகச் செய்து வைத்தேன். மதாம் பார்த்தார். இதைத் திறக்கிறவர்கள் அங்கே ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள், பக்கத்தில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், சாவுச் சேதியோடு அவர்களுக்குப் பாட்டும் வேண்டுமா என்று கேட்டார். மெழுகுவர்த்தி போயிற்று. ஷெனாய் போயிற்று. கடைசியில் வெள்ளைப் பக்கத்தில் கறுப்பு எழுத்து, அவ்வளவுதான் மிச்சம். இதற்கு நான் எதற்கு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வராதா பின்னே?

ஆனால் தனக்கு எது வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. போட்டோ பெரிதாக இருந்தால் போனில் இறங்க நேரமாகிறது என்று யாரோ சொன்னதும், படத்தைச் சுருக்கித் தரும் ஒரு சின்ன மென்பொருளை என்னிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார். அடக்க நேரத்தை இந்த ஊர்க் கணக்கிலும் பாரீஸ் கணக்கிலும் சேர்த்துப் போடுவார். குளிர்காலத்தில் அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள் என்பது எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். புதுப் பதிவு வந்தால் தானாக எல்லோருக்கும் மெயில் போகிற வசதியைப் போட்டுக் கொடுத்தேன். அதில் மட்டும் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். மாதாமாதம் முதல் வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் நேரே கடைக்கு வந்து, மொத்த பிளாக்கையும் பென் டிரைவில் பேக்கப் எடுத்துக்கொண்டு போவார். இதை யார் மதாம் திருடப்போகிறார்கள் என்று கேட்டால், "இலவசமா குடுக்கிறவன் ஒரு நாள் கடையைச் சாத்திட்டுப் போயிடுவான், தம்பி. அப்ப எங்க தேடறது?" என்பார்.

விளம்பரம் போட்டால் இன்டர்நெட் செலவாவது வரும் என்று நானாகவே ஒரு விளம்பரச் சேவையைச் சேர்த்தேன். முதல் விளம்பரமே, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று, ஊரார் மெசியே என்று கூப்பிட்ட ஒரு பெரியவரின் படத்துக்குக் கீழே, ஒரே வாரத்தில் தொப்பை குறையும் என்று வந்து நின்றது. மதாம் திட்டவில்லை. எடுத்துடுங்க தம்பி என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

சிரித்தும் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டியம்மாளின் மரண அறிவிப்புக்குக் கீழே, "அருமையான பதிவு! இதுபோல் மேலும் பல எழுத வாழ்த்துகள்!" என்று ஒரு பின்னூட்டம். எங்கிருந்தோ மாத்திரை விற்கிறவன் ஆயிரம் பிளாக்கில் ஒரே வாக்கியத்தைத் தூவிவிட்டுப் போயிருக்கிறான். நான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். மதாமும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து எந்தப் பின்னூட்டமும் அவர் படித்து அனுமதித்த பிறகுதான் வெளியே தெரியும்படி மாற்றி வைத்தோம். காலையில் டியூஷன் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிப்பார்.

அவர் அறிவிப்பு நாலு வரிக்கு மேல் போகாது. யார், யாருடைய பிள்ளை, எந்த வீட்டு மருமகள், எத்தனை மணிக்கு அடக்கம். புகழ்ச்சி கிடையாது, கண்ணீரில் மிதக்கிறோம் கிடையாது. என் போஸ்டர் வசனமெல்லாம் அவரிடம் செல்லாது. கடைசி வரி மட்டும் எப்போதும் ஒன்றுதான். நேரில் பார்த்தேன்.

அந்த வரிக்காகத்தான் அந்த அலைச்சல். அவ்வளவு தூரம் தள்ளி காலாப்பட்டில் சாவு என்றாலும் மொபெட்டில் போவார். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, கண்ணாடி வழியாக முகத்தை நன்றாகப் பார்ப்பார். விரலில் சுற்றிய ஜெபமாலையைப் பார்ப்பார். ஒரு ஜெபம் சொல்வார். காப்பி கொடுத்தால் வாங்க மாட்டார். நேரே கடைக்கு வந்து, நான் சாப்பிடுகிறேனா தூங்குகிறேனா என்று பார்க்காமல், "தம்பி, எந்திரிங்க" என்று என் நாற்காலியில் உட்காருவார். ஒரு ஞானஸ்நானப் பெயரை ஒரே தெருவில் மூன்று பேர் வைத்திருக்கிற ஊர் இது. பார்க்காமல் எழுதினால் எங்கே போய் முடியும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு முறை பெரிய குடும்பம் ஒன்றிலிருந்து வந்தார்கள். தாத்தா ஐசியூவில் இருக்கிறார், டாக்டர் கையை விரித்துவிட்டார், அறிவிப்பை எழுதி வைத்துவிடுங்கள், ஆனதும் நாங்கள் ஒரு மெசேஜ் தட்டுகிறோம், நீங்கள் பட்டனை அழுத்தினால் போதும், டிக்கெட் போட பிரான்சில் இருக்கிறவர்களுக்கு வசதி என்றார்கள். எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. நினைவுத் திருப்பலிப் பூசை அறிவிப்புகளை மதாமே முன்கூட்டி எழுதி, தேதி வைத்துவிடுவார். அந்த நாள் வந்ததும் அதுவே தானாக வெளிவரும். இதையும் அப்படிச் செய்தால் என்ன என்றேன். என்னை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே!

"பூசை நாள் மாறாது. மனுஷன் பொழச்சிக்குவான். உயிரோட இருக்கிறவங்க பேரை டிராஃப்ட்ல கூட வைக்கக் கூடாது."

அந்தத் தாத்தா பிழைக்கவில்லை. இரண்டு நாளில் போய்விட்டார். மதாம் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதினார். அதற்குள் பிரான்சில் இருந்தவர்கள் போன் சேதியை வைத்தே டிக்கெட் எடுத்து முடித்திருந்தார்கள். கோபம் அவர்களுக்கு. அகராதி பிடித்த பொம்பளை என்று என் கடை வாசலில் நின்றே சொன்னார்கள். நானும் மனதுக்குள் ஆமாம் போட்டேன். ஆனால் அடுத்த சாவுக்கு அவர்களும் மதாமுக்குத்தான் போன் போட்டார்கள். போன் குரூப்பில் ஆயிரம் வரும், மதாம் போடட்டும், அப்புறம் அழுவோம் என்று பிரான்சில் சொல்வார்களாம். அப்படி ஒரு பேர் அவருக்கு இருந்தது.

பிறகு கொரோனா வந்தது.

ஐஸ் பெட்டி கிடையாது, வீட்டுக்குக் கொண்டு வருவது கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியில் நேரே கல்லறைக்கு. வெள்ளை உறைக்குள் ஆளைச் சுற்றி, கவச உடை போட்ட நாலு பேர் இறக்குவார்கள். சொந்தப் பிள்ளைகளே வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். விமானமும் கிடையாது. பிரான்சிலிருந்து மதாமுக்கு விடாமல் போன். நான் நினைத்தேன், இனிமேல் இவர் எதையும் எழுத முடியாது, வீட்டோடு இருப்பார், நல்லதுதான், வயசும் ஆகிறது என்று. மறுநாள் முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு கடை ஷட்டரைத் தட்டுகிறார். மொபெட்டுக்குப் போலீஸ் விட மாட்டேன் என்கிறது, உங்களுக்குத்தான் பாஸ் இருக்கிறதே, கல்லறை வரைக்கும் கொண்டுபோய் விடுங்கள் என்று. கவர்மென்டுக்கு கொரோனா போஸ்டர் அடித்துக் கொடுத்ததால் என்னிடம் பாஸ் இருந்தது. என் வீட்டுக்காரி என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஆனாலும் போனேன். அவரிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கல்லறை கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்பார். வண்டி வரும். உறை இறங்கும். குழிக்குள் போகும். மண் தள்ளி முடிக்கிற வரைக்கும் நின்று ஜெபம் சொல்வார். வந்து எழுதுவார். கடைசி வரி மட்டும் மாறிவிட்டது. கல்லறை வாசலில் நின்றேன். உறையைப் பார்த்தேன். முகம் பார்க்கவில்லை.

அதைப் படித்துவிட்டுச் சிலர் சண்டைக்கு வந்தார்கள். இப்படியா கல் நெஞ்சாக எழுதுவீர்கள், பழையபடி நேரில் பார்த்தேன் என்று போட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டார்கள். நானே கேட்டேன். பார்க்காததை எப்படி எழுதறது தம்பி என்றார். அந்தப் பெரிய குடும்பத்திலும் ஒரு சாவு. அவர்கள் கெஞ்சினார்கள். அவர்களுக்கும் முகம் பார்க்கவில்லை என்றுதான் எழுதினார்.

அந்த நாட்களில்தான் கருவடிக்குப்பத்தில் தனியாக இருந்த ஒரு அம்மா போனார். ஒரே மகள். மதாமிடம் பிரெஞ்சு படித்து, பிரான்சில் வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டவள். அம்மாவுக்கு இங்கே வேறு நாதி இல்லை. அன்றைக்கு வெயில் கொளுத்தியது. கேட்டுக்கு இந்தப் பக்கம் மதாமும் நானும் மட்டும் நின்றோம். ஒரே வண்டியில் மூன்று உறைகள் வந்தன. மதாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தம்மா பேரைச் சொல்லி, எதுங்கய்யா, எதுன்னு மட்டும் சொல்லுங்கய்யா என்று கேட்டார். கவசத்துக்குள் இருந்தவருக்குக் கேட்டதோ இல்லையோ. அவர் ஒரு பக்கமாகக் கையைக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, காலையிலிருந்து அவருக்கு அதே வேலை. மூன்றும் அடுத்தடுத்து இறங்கின. மதாம் எதைப் பார்த்து ஜெபம் சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

கடைக்கு வந்து உட்கார்ந்த உடனே அந்தப் பெண் வீடியோ கால் போட்டாள். முகமெல்லாம் வீங்கிக் கிடந்தது. எங்கேயோ ஆள் மாறிப் புதைத்துவிட்டார்கள் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு அது ஒன்றுதான் பயம். வேறு எதையும் கேட்கவில்லை.

"மதாம், அது அம்மாதானா? நீங்க முகத்தைப் பாத்தீங்களா?"

லைன் போய்விட்டதோ என்று நான்கூடப் போனைப் பார்த்தேன். அந்தப் பெண் திரும்பவும் கேட்டாள். நான் ஊருக்கு வந்தாலும் எந்தக் குழியில் போய் அழறது மதாம் என்று கேட்டாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பிரின்டரைச் சரிபார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

"பாத்தேம்மா" என்றார் மதாம். "உறையைத் தொறந்து காட்டச் சொன்னேன். உங்கம்மாதான். தூங்கற மாதிரி இருந்தாங்க."

அந்தப் பெண் வாய்விட்டு அழுதாள். அது வேறு மாதிரியான அழுகை. எனக்கும் கண் நிறைந்துவிட்டது, சொல்வதற்கென்ன. போனை வைத்துவிட்டு மதாம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். நாலு வரி எழுதினார். கடைசி வரியில் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு நேரில் பார்த்தேன் என்று தட்டி, வெளியிடு பட்டனை அழுத்தினார். என்னைப் பார்க்கவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த நிமிஷம் அவரை எனக்கு எப்போதையும்விட ரொம்பப் பிடித்திருந்தது.

நான் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மதாமுக்கு முடியவில்லை. மறுநாளிலிருந்து காலையும் மாலையும் கடைக்கு வந்து பின்னூட்டங்களைத் திறந்து பார்ப்பார். அனுமதிக்குக் காத்திருப்பது, ஸ்பேம் என்று மென்பொருள் தானாகவே ஒதுக்கி வைத்தது, எல்லாவற்றையும் விடாமல் படிப்பார். ஏதாவது வர வேண்டியிருக்கிறதா என்று கேட்டால், ஒண்ணும் இல்ல தம்பி என்பார். எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. அதற்கு முந்தின கொரோனா அறிவிப்பு எல்லாவற்றிலும் முகம் பார்க்கவில்லை என்று எழுதியவர் அவர். உறையை யாருக்கும் திறந்து காட்டுவதில்லை என்பது உலகத்துக்கே தெரியும். இவர் மட்டும் எப்படிப் பார்த்தார் என்று யாராவது ஒருவர் கேட்க வேண்டும். அந்த ஒருவருக்காகத்தான் அவர் காத்திருந்தார்.

யாரும் கேட்கவில்லை. ஆண்டவர் செயல் என்று எழுதினார்கள். அந்தம்மா புண்ணியம் செய்தவர், மதாம் கண்ணிலாவது பட்டாரே என்று எழுதினார்கள். முன்னே சண்டை போட்டவர்களில் ஒருவர், எங்கள் அப்பாவுக்குக் கொடுத்துவைக்கவில்லை, இவர்களுக்காவது கிடைத்ததே என்று எழுதியிருந்தார். அதைப் படித்தபோது மதாம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

ஊரடங்கு தளர்ந்து, கடையில் பத்திரிகை வேலை திரும்ப வர ஆரம்பித்த ஒரு காலையில் வந்தார். பின்னூட்டத்தை மூடிவிடுங்கள், மெயில் போகிற வசதியையும் நிறுத்திவிடுங்கள், இனிமேல் எழுதப்போவதில்லை, இருப்பது அப்படியே இருக்கட்டும் என்றார். எனக்குச் சுருக்கென்றது. பதிலுக்கு நான் கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஊருக்கே நன்மை செய்துவிட்டு இப்போது ஒரு வரிக்காக மூடுவதா என்றேன். அந்த வரி உறுத்தினால் உள்ளே போய்த் திருத்திக்கொள்ளலாம், எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், மென்பொருளில் அதற்கு வழி இருக்கிறது, ஒரு வரியை அழிக்க ஒரு நிமிஷம் ஆகாது என்றேன்.

"அதை அழிச்சா அந்தப் பொண்ணு அம்மாவை இன்னொரு தடவை சாகடிச்ச மாதிரி."

அப்படியானால் விட்டுவிடுங்கள், யாருக்கும் தெரியாது, எல்லோரும் உங்களை நம்புகிறார்கள் என்றேன்.

"ஆமாம் தம்பி. ஒருத்தர்கூடக் கேக்கல. இனிமே நான் பாத்தாலும் நம்புவாங்க, பாக்காட்டியும் நம்புவாங்க. எனக்கு பயமா இருக்கு."

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஒவ்வொன்றாக நிறுத்தினேன். மெர்சி தம்பி என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். மொபெட் முதல் உதையில் கிளம்பவில்லை. இரண்டு மூன்று உதைக்குப் பிறகு கிளம்பிப் போனார்.

அவர் போன பிறகு நான் அந்தப் பதிவைத் திறந்தேன். அந்த அம்மாவின் படம், மகளின் பெயர், கருவடிக்குப்பம், அடக்க நேரம். கேட்டுக்கு வெளியே அவர் பக்கத்திலேயே நின்றவன் நான். மூன்று உறையும் மூடியபடியே குழிக்குள் போனதைப் பார்த்தவன் நான். நாலு வரியையும் நிதானமாகப் படித்தேன். படித்து முடித்தபோது, நான் எங்கேயோ திரும்பியிருந்த நேரத்தில் மதாம் அந்த முகத்தைப் பார்த்துத்தான் இருப்பார் என்று எனக்குத் தோன்றிவிட்டது.